கம்பி தெரிகிறதா?

என் சித்தப்பா குழாய் வெல்டிங்கை எக்ஸ்ரே ஃபிலிமில் பார்த்து, தேறியதா இல்லையா என்று சொல்கிற வேலையில் நெடுநாள் இருந்தவர். திருச்சியில் இருந்தார், 2013-இல் எங்கள் திருமயத்தில் பெல் நிறுவனத்தின் மின்நிலையக் குழாய்ப் பிரிவு திறந்தபிறகு ஊர்ப் பக்கம் வந்துவிட்டார். ஒருநாள் அவரிடம் கேட்டேன்: "ஃபிலிமை விளக்குக்கு முன்னால பிடிச்சதும் முதல்ல எதைத் தேடுவீங்க சித்தப்பா? விரிசலையா, காத்துக்குமிழையா?"

"ரெண்டும் இல்ல ஆத்தா. கம்பி தெரியுதான்னு பார்ப்பேன்" என்றார்.

விஷயம் இதுதான். படம் எடுக்கும் முன் வெல்டிங்கின் மேல் பெனிட்ராமீட்டர் என்று ஒன்றை வைப்பார்கள். ஒன்றைவிட ஒன்று மெலிதான சில கம்பிகள் வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். குறிப்பிட்ட மெல்லிய கம்பி ஃபிலிமில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லையென்றால் அந்த ஃபிலிமில் விரிசல் தெரியவில்லை என்பதற்கு மதிப்பே கிடையாது. விரிசல் இல்லையா, இருந்தும் படம் பிடிக்கவில்லையா என்று யார் சொல்வது? ஃபிலிமைத் தள்ளிவிட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

நான் வெல்டிங் பார்ப்பதில்லை. வீட்டு மாடியில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிய புரோகிராமைப் படித்து, சேர்க்கலாமா வேண்டாமா என்று சொல்கிறேன். அதிலும் ஒரு தனி ரகம்: டீபக்கருக்குப் புதிய பிராசஸர் ஒன்றைக் கற்றுக்கொடுக்கும் புரோகிராம். இந்த ரிவ்யூ என்ற வேலை ஒரு கலைதானா, அதில் நல்லது எது, போலி எது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

டீபக்கர் என்பது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நடுவழியில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் கருவி. உலகில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஜிடிபி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதத் தொடங்கியது, இன்றைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஒரு புதிய சிப் வந்தால் அதற்கு அந்தச் சிப்பின் நடை, உடை எதுவும் தெரியாது. சிப்புக்குள் எண்களை வைக்கும் ரிஜிஸ்டர்களில் எதற்கு எந்த எண், ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிட்டால் திரும்பிப் போகும் முகவரி எங்கே கிடக்கிறது, விடையை எந்தக் கையில் கொடுக்கும் — எல்லாவற்றையும் ஒருவர் எழுதிச் சேர்க்க வேண்டும். மற்ற புரோகிராமில் பிழை இருந்தால் டீபக்கரை வைத்துக் கண்டுபிடிக்கலாம். டீபக்கரிலேயே பிழை இருந்தால், நல்ல புரோகிராமைக் கெட்டது என்று சொல்லும். எழுதியவன் இரவெல்லாம் இல்லாத தப்பைத் தேடுவான். தராசே பொய் சொல்கிற கடையில் என்ன வாங்குவது?

இந்த வகைப் புரோகிராமை யாரும் வெற்றுத்தாளில் தொடங்குவதில்லை. பக்கத்துச் சிப்புக்கு எழுதிய ஃபைலை நகலெடுத்து, பெயரை மாற்றி, வேலையைத் தொடங்குவார்கள். அதில் தப்பே இல்லை, நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் நகலோடு பழைய சிப்பின் பழக்கமும் கூடவே வந்துவிடும். உதாரணம் சொல்கிறேன். இன்டெல் வகைச் சிப்பில், நிறுத்தச் சொல்லும் கட்டளை ஒரே ஒரு பைட். அது ஓடி நின்றபிறகு, சிப் தான் இருக்கும் இடமாக அடுத்த பைட்டைக் காட்டும். டீபக்கர் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு வகையில் சிப் நிறுத்தக் கட்டளையின் மேலேயே நிற்கும், கழிக்கக் கூடாது. நகலெடுத்தவர் அந்தக் கழித்தலை மறந்து விட்டுவைத்தால், டீபக்கர் தான் வைத்த இடத்திலேயே நின்றும், எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் விழிக்கும்.

ரிஜிஸ்டர் எண்ணும் அப்படித்தான். 64 பிட் இன்டெல் வகையில், சிப்பின் சொந்தக் கணக்கில் 1 என்பது ஆர்சிஎக்ஸ், 2 என்பது ஆர்டிஎக்ஸ். நாம் எழுதியதைச் சிப்பின் கட்டளையாக மாற்றும் கம்பைலர், டீபக்கருக்கு எழுதிவைக்கும் குறிப்பில் அந்த இரண்டும் இடம் மாறி இருக்கும். ஏன் மாற்றினார்கள் என்று கேட்டுப் பயனில்லை, விதிப்புத்தகம் அப்படி. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கத்தான் வேண்டும். இந்தப் பகுதியில் ரிவ்யூ என்பது கலையல்ல, கணக்குப்பிள்ளை வேலை.

கலை எங்கே வருகிறது என்றால், நிறுத்துமிடம் வைப்பதில். பிரேக்பாயின்ட் என்பார்கள். டீபக்கர் என்ன செய்கிறது தெரியுமா? புரோகிராமில் நீங்கள் காட்டிய இடத்தில் இருக்கும் கட்டளையைப் படித்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் நிறுத்தக் கட்டளையை எழுதிவிடும். நின்றபிறகு பழையதை எடுத்துத் திரும்ப வைக்கும்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் மலையடிவாரம் ஞாபகம் வரும். திருமயத்தில் ஒரே பாறையில் சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரை. சத்தியகிரீஸ்வரர் குகையில், குடுமியான்மலையில் இருப்பதுபோல ஒரு இசைக் கல்வெட்டு இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டு கோயிலாருக்கும் நடந்த வழக்குத் தீர்ப்பைப் பொறிக்க, அதைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். இப்போது துண்டு துண்டாகச் சில எழுத்துகள்தான் மிச்சம். எழுதிய சிற்பி பழையதைப் படியெடுத்து வைக்கவில்லை. வைத்திருந்தால் சங்கீதக்காரர்கள் இன்று குடுமியான்மலைக்கு மட்டும் போகமாட்டார்கள்.

சென்ற ஆண்டு எனக்கு ஒரு பேட்ச், அதாவது டீபக்கரில் சேர்க்க வேண்டிய புரோகிராம் துண்டு, ரிவ்யூவுக்கு வந்தது. சிறிய சிப், பெயர் வேண்டாம். அதில் சில கட்டளைகள் நான்கு பைட், சில இரண்டு பைட். ரிஸ்க்-ஃபைவிலும் இதே ஏற்பாடுதான். அங்கே கட்டளையின் கடைசி இரண்டு பிட்டைப் பார்த்தால் நீளம் தெரிந்துவிடும், நிறுத்தக் கட்டளையிலும் நெடியது ஒன்று, குறியது ஒன்று உண்டு. இந்தப் பேட்சை எழுதிய இளைஞர் எல்லா இடத்திலும் நான்கு பைட் கட்டளையையே வைத்திருந்தார். நான்கு பைட் மட்டுமே உள்ள ஒரு பழைய சிப்பின் ஃபைலிலிருந்து எடுத்தது. வரிசையைப் பார்த்ததுமே தெரிந்தது. கூடவே சோதனைகள் அத்தனையும் தேறிய பட்டியலை அனுப்பியிருந்தார்.

பட்டியல் பொய்யில்லை. ஏன் தேறியது என்று பாருங்கள். இரண்டு பைட் கட்டளையின் மேல் நான்கு பைட்டை எழுதினால் அடுத்த கட்டளையும் சேர்ந்து மூடப்படும். ஆனால் புரோகிராம் மேலிருந்து நேராக வந்தால் முதலில் நிறுத்தத்தில் இடிக்கும். டீபக்கர் நான்கு பைட்டையும் திரும்ப வைத்துவிடும். அவருடைய சோதனைகள் அதோடு முடிந்துவிடும். எல்லாம் சரியாகவே தெரியும். நிறுத்தத்தை மறுபடி வைத்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தாலோ, யாராவது பக்கவாட்டில் வந்து அந்த இரண்டாவது கட்டளைக்கே நேராகத் தாவினாலோதான் வினை. அங்கே கிடப்பது நிறுத்தக் கட்டளையின் பின்பாதி, வெட்டுப்பட்ட துண்டு. புரோகிராம் அங்கேயே செத்துப்போகும்.

நான் "இது தப்பு" என்று எழுதி அனுப்பவில்லை. பன்னிரண்டு வரியில் ஒரு சின்னச் சோதனை எழுதினேன். ஒரு குட்டைக் கட்டளை, அதன்மேல் நிறுத்தம், அடுத்த கட்டளையில் ஒரு சுற்றின் தொடக்கம். நின்றபின் தொடர்ந்து ஓட்டினால், அந்தச் சுற்றுக்குள் நுழையும்போதே விழும். "இதை ஓட்டிப் பாருங்கள் தம்பி" என்று மட்டும் எழுதினேன். அரைமணி நேரத்தில் பதில் வந்தது: "அக்கா, விழுந்துவிட்டது."

எனக்குத் தெரிந்த நல்ல ரிவ்யூக்காரர்கள் இப்படித்தான் செய்வார்கள். அரைகுறைகளுக்கு அடையாளம் வேறு. இடைவெளி இரண்டு இருக்கிறது, மூன்று வேண்டும். இந்தப் பெயர் அழகாக இல்லை. விளக்கக் குறிப்பில் முற்றுப்புள்ளி எங்கே — இருபது குறிப்பு எழுதிவிட்டு, நிறுத்தக் கட்டளையின் நீளத்தைக் கவனிக்காமல் ஒப்புதல் போட்டுவிடுவார்கள். நானும் ஆரம்பத்தில் அந்தச் சாதிதான். எழுத்துப்பிழை திருத்துகிற சுகம் இருக்கிறதே, அது மூக்குப்பொடி மாதிரி.

இதெல்லாம் எங்கேயோ அமெரிக்காவில் நடக்கிற சங்கதி என்று நினைக்க வேண்டாம். ரிஸ்க்-ஃபைவ் 2010-இல் பெர்க்லியில் பிறந்தது, யாரும் உரிமத் தொகை கட்டாமல் எடுத்துச் சிப் செய்யலாம். அதை எடுத்துத்தான் சென்னை ஐஐடி சக்தி பிராசஸரைச் செய்தது. 2018-இல் அதன் ஒரு சிப்பை இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும், இன்னொன்றை மொகாலி செமிகண்டக்டர் ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் ஆலையிலும் வார்த்தார்கள். அதே 2018-இல்தான் ஜிடிபியின் 8.2 பதிப்பில் ரிஸ்க்-ஃபைவுக்கான பகுதி முதன்முதலாக வந்தது. பொது விதியை ஒட்டிச் செய்ததால், சக்திக்காகத் தனியாக ஒரு டீபக்கரை அடியிலிருந்து எழுத வேண்டியிருக்கவில்லை. திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா சிப்புகளுக்கும் இதே வசதி. யாரோ ஒருவர் ஒரே ஒரு முறை ஒழுங்காக ரிவ்யூ செய்தால் இத்தனை பேருக்கு அது உழைக்கிறது. ஒழுங்கில்லாமல் செய்தால் இத்தனை பேருக்கும் அந்தப் பொய் போய்ச்சேரும்.

இதில் மிகக் கடினமான இடம் எது என்று கேட்டால், ஒவ்வொரு அடியாக நடத்துவது என்பேன். சில சிப்புகளில் ஒரு கட்டளை ஓடி நிற்கும் வசதி இருக்காது. டீபக்கரே அடுத்த இடத்தைக் கணக்கிட்டு, அங்கே தற்காலிக நிறுத்தம் வைக்க வேண்டும். இப்போது ஒரு ஜோடிக் கட்டளை வருகிறது. முதலாவது நினைவிடத்திலிருந்து ஒரு எண்ணைப் படித்து முன்பதிவு போட்டுவைக்கும். இரண்டாவது, முன்பதிவு கலையாமல் இருந்தால்தான் எழுதும். கலைந்திருந்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்கு. நடுவில் டீபக்கர் நிறுத்தினால் முன்பதிவு கலைந்துவிடும். மறுபடி தொடக்கம், மறுபடி நிறுத்தம், மறுபடி கலைவு. செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். டீபக்கர் இல்லாமல் ஓட்டினால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும்! பார்ப்பதனாலேயே கெட்டுப்போகிற புரோகிராம். ஜிடிபியில் இந்த ஜோடியை அடையாளம் கண்டு, அது முடிந்த இடத்தில் நிறுத்தம் வைக்கும் பகுதி தனியாக உண்டு. புதிய சிப்புக்கு எழுதுகிறவர் இதை விட்டுவிடுவது சகஜம். இல்லாத வரியைப் பேட்சில் எப்படிப் படிப்பது? எழுதியதை மட்டும் படிக்கிற ரிவ்யூக்காரருக்கு இது கடைசிவரை தெரியாது.

அந்த இளைஞரின் பேட்ச் மூன்றாவது முறை வந்தபோது நிறுத்தக் கட்டளையின் நீளம் சரியாக இருந்தது. என் பன்னிரண்டு வரிச் சோதனை தேறியது. அத்தோடு விடவில்லை. அவர் திருத்திய அந்த ஒரே வரியை நானே எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். சோதனை விழுந்தது. திரும்ப வைத்தேன், தேறியது. சித்தப்பா சொன்ன கம்பி அதுதான்.

"அக்கா, இப்போ சேர்த்துடலாமா?" என்று கேட்டார். முன்பதிவு ஜோடிக்கான பகுதி இன்னும் வரவில்லை என்றேன். அதை எழுதிவிட்டதாகவும், சிப்பைப் போல நடிக்கும் புரோகிராமான எமுலேட்டரில் தேறியதாகவும் சொன்னார். எமுலேட்டர் எல்லாவற்றையும் சிப் மாதிரியே நடத்துவதில்லை. அந்தச் சிப் பொருத்திய போர்டை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கூரியர்காரர் புதுக்கோட்டையோடு நின்றுவிடுகிறார், வியாழக்கிழமை நான்தான் போய் வாங்கி வர வேண்டும்.