இன்று ஒரு நாள் மட்டும்



குடிப்பவர் எத்தனை முறை சத்தியம் செய்கிறார்? பிள்ளை தலையில் அடித்துச் சொல்கிறார். கோயிலில் சூடம் ஏற்றிச் சொல்கிறார். நான்கு நாள் கழித்து மறுபடியும் குடிக்கிறார். அவர் பொய்யரா? இல்லை. அவர் நோயாளி. உலக சுகாதார நிறுவனம் மதுவுக்கு அடிமையாவதை நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. சத்தியம் செய்தால் காய்ச்சல் நிற்குமா? இந்த நோயும் அப்படித்தான்.

பெங்களூரில் பிழைக்கும் ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். கணவர் கொத்தனார். நல்ல வேலைக்காரர். ஆனால் சனிக்கிழமை வாங்கும் கூலியில் பாதி பிராந்திக் கடைக்குப் போய்விடும். காலையில் கை நடுங்கும். கரண்டி பிடிக்க முடியாது. கொஞ்சம் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும்.

மனைவி எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். ஒரு நாள் அரசு மருத்துவமனைச் சுவரில் ஒரு போஸ்டரைப் பார்த்தார். எழுத்து கன்னடம். அவருக்குத் தெரியாது. ஆனால் பாட்டில் படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தது. கீழே 14446 என்ற எண் இருந்தது. எண்களை அவர் வகுப்பில் கற்றிருந்தார். கையில் எழுதிக்கொண்டு வந்தார்.

அது மத்திய அரசின் போதை ஒழிப்பு உதவி எண். கட்டணம் இல்லை. அவர் போன் செய்தார். தெரிந்த கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னார். "முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்" என்றார்கள்.

இது முக்கியமான பேச்சு. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம். இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்து வரலாம். டாக்டர் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வார். இன்னொன்றும் உண்டு. சிலர் குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலக்கிறார்கள். அதன் மேல் அவர் குடித்தால் உயிர் போகலாம். அதைச் செய்யாதீர்கள்.

கொத்தனார் பத்து நாள் வார்டில் இருந்தார். உடம்பு தேறியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "உடம்பை மருந்து பார்த்துக்கொண்டது. மனதுக்குத் துணை வேண்டும். ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்கள்." தமிழில் கூட்டம் நடக்கும் இடத்தையும் எழுதிக் கொடுத்தார்.

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பெயரை வெளியே சொல்லாத குடிநோயாளிகளின் சங்கம் என்று பொருள். 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியது. தொடங்கிய இருவருமே குடிநோயாளிகள். ஒருவர் பங்கு வியாபாரி பில். மற்றவர் டாக்டர் பாப். இருவரும் மனம் விட்டுப் பேசினார்கள். ஒருவருக்கு ஒருவர் துணையாக நின்று குடியை விட்டார்கள். இன்று உலகம் முழுவதும் ஏ.ஏ. இருக்கிறது. இந்தியாவிலும் பல ஊர்களில் கூட்டம் நடக்கிறது.

கொத்தனார் முதல் நாள் வாசல் வரை போனார். உள்ளே போகவில்லை. மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போகுமோ என்று பயந்தார். திரும்பி வந்துவிட்டார். மனைவி திட்டவில்லை. "நாளைக்கு நானும் வாசல் வரைக்கும் வர்றேங்க" என்றார். மறுநாள் இருவரும் போனார்கள்.

உள்ளே என்ன இருந்தது? ஒரு பள்ளிக்கூட அறை. சில நாற்காலிகள். ஒரு பிளாஸ்கில் டீ. "வாங்கண்ணே, உட்காருங்க" என்றார் ஒருவர். ஊர் கேட்கவில்லை. சாதி கேட்கவில்லை. பதிவேட்டில் கையெழுத்து வாங்கவில்லை. சந்தா இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்று போதும் என்றார்கள். கடைசியில் ஒரு பை சுற்றி வந்தது. டீக்கும் வாடகைக்கும் முடிந்தவர்கள் காசு போட்டார்கள்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒரு ஆட்டோ டிரைவர், "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கினார். மகளின் கொலுசை விற்றுக் குடித்ததைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் புத்தி சொல்லவில்லை. கொத்தனார் தலை குனிந்தார். அவர் வீட்டிலும் ஒரு கொலுசு போயிருந்தது. அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. பேசு என்று யாரும் வற்புறுத்தவும் இல்லை.

"வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று சொல்லாதீங்க. இன்று ஒரு நாள் குடிக்காம இருங்க. நாளைக்கு நாளையைப் பார்ப்போம்" என்றார் அந்த ஆட்டோ டிரைவர். தன் போன் நம்பரையும் கொடுத்தார். "குடிக்கத் தோணினா முதல்ல எனக்குப் போன் போடுங்க" என்றார்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை. கையில் கூலி. கொத்தனார் போன் போடவில்லை. குடித்துவிட்டார். வெட்கத்தால் கூட்டத்துக்குப் போகவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் போனார். "திரும்பி வந்தீங்களே, அது போதும்" என்றார்கள். அதே நாற்காலியைக் காட்டினார்கள். அன்றுதான் அவர் முதன்முதலாக வாய் திறந்து பேசினார்.

குடிப்பவரின் வீட்டாருக்கும் காயம் உண்டு. அவர்களுக்காக அல்-அனான் என்ற கூட்டம் தனியாக நடக்கிறது. மனைவி அங்கே போகிறார். கணவர் குடித்தது தன் குற்றம் இல்லை என்று அங்கேதான் புரிந்துகொண்டார்.

இப்போது சனிக்கிழமை மாலை கொத்தனார் ஆட்டோ டிரைவருக்குப் போன் செய்கிறார். பிறகு நேரே கூட்டத்துக்குப் போகிறார். கூலி முழுதாக வீட்டுக்கு வருகிறது. நோய் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், "இன்னிக்குக் குடிக்கலை" என்கிறார்.

அன்பானவர்களே, உங்கள் தெருவிலும் ஒரு கொத்தனார் இருப்பார். அவரைக் கேலி செய்யாதீர்கள். சத்தியமும் கேட்காதீர்கள். 14446 என்ற எண்ணை எழுதிக் கொடுங்கள். தேவைப்பட்டால் வாசல் வரை கூடப் போங்கள்.