யாருடைய ஆட்டம்? யாருடைய காடு?

(தேன்கனிக்கோட்டையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



விளையாட்டும், இயற்கையோட கழிக்கிற நேரமும் மனுசனோட உடம்புக்கும் மனசுக்கும் என்ன செய்யுதுன்னு இந்தத் தாலுக்காவுலயே ஆய்வு பண்ணப்போறதா உங்கள்ல சிலபேர் சொன்னீங்க. நல்ல காரியம். ஆனா உள்ள வரும்போதே ஒரு தோழர் என்னை நிறுத்திக் கேட்டார்: "நிலம் இல்ல, சரியான கூலி இல்ல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல. இதுல விளையாட்டு ஆராய்ச்சி வேறயா அண்ணே?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதுக்கும் சேர்த்துத்தான் பேசணும்.

முதல்ல ஆராய்ச்சிக்காரங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்துருவோம். அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒண்ணு. பித்தப்பை அறுவை செஞ்சுகிட்ட 46 பேரோட பதிவேடுகளை ரோஜர் உல்ரிக்னு ஒருத்தர் எடுத்துப் பார்த்தார். பாதிப்பேர் படுக்கைக்கு நேரா ஜன்னல்ல மரம் தெரிஞ்சது. மீதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவங்க சீக்கிரமே வீட்டுக்குப் போயிருக்காங்க, கடுமையான வலி மருந்தும் அவங்களுக்குக் குறைவாத்தான் தேவைப்பட்டிருக்கு. 1984-ல 'சயின்ஸ்' இதழ்ல இது வந்தது. அப்புறம் சீனாவுல குவாங்சோ நகரத்துல 12 தொடக்கப்பள்ளிகளை எடுத்து, பாதிப்பள்ளிகள்ல தினமும் கூடுதலா 40 நிமிசம் பிள்ளைங்களை வெளியில விட்டாங்க. மூணு வருசத்துல அந்தப் பிள்ளைங்கள்ல 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியில விடாத பள்ளிகள்ல 39 சதவீதத்துக்கும் மேல. 2015-ல வெளியான ஆய்வு. 2019-ல இங்கிலாந்துல சுமார் 20,000 பேரை வச்சுப் பண்ணின ஆய்வு இன்னொண்ணு. வாரத்துக்கு 120 நிமிசமாவது பூங்கா, காடு, கடற்கரைன்னு போறவங்க உடல்நலமும் மனநிறைவும் நல்லா இருக்கறதா சொன்னது அது.

இதையெல்லாம் நான் மறுக்கல. மரத்தடி நல்லதுன்னு தெரிஞ்சுக்க நமக்குப் பென்சில்வேனியா தேவையுமில்ல.

ஆனா இந்த 120 நிமிசக் கணக்கை அப்படியே தூக்கிட்டு வந்து இந்த மண்ணுல வச்சுப் பாருங்க. ஓசூர்லேர்ந்து இந்தப்பக்கம் வர்ற வழியெல்லாம் பாலிஹவுஸ். உள்ளே தாஜ்மகால் ரோஜா. பிப்ரவரி 14-க்காக விமானம் ஏறிப்போற பூ. அதுக்குள்ள நம்ம பொண்ணுங்க ஒரு நாள் முழுக்க நிக்கிறாங்க. பூவுக்கு நடுவுல, இலைக்கு நடுவுல, பிளாஸ்டிக் கூரைக்கு அடியில வேகுற வெக்கையில, மருந்தடிச்ச வாசனையில. அந்த இங்கிலாந்துக் கணக்குப்படி பார்த்தா உலகத்துலயே அதிக மனநிறைவோட இருக்க வேண்டியவங்க இவங்கதான்!

இன்னொரு கணக்கு. இந்த எல்லைப்பக்கத்துல, ஆனேக்கல் வரைக்கும், ஜீதம்னா என்னன்னு உங்க பாட்டன் பாட்டியைக் கேளுங்க. வாங்கின கடனுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்ப் பண்ணையில விடுறது. விடியக்காலம் சாணி அள்ளி, மாட்டை ஓட்டிட்டுப்போய், பொழுது சாஞ்சு திரும்புறது. நாள் முழுக்கக் காட்டுலதான் இருந்தான் அந்தப் பையன். குவாங்சோ ஆய்வுப்படி அவன் கண்ணு நல்லாவே இருந்திருக்கும். அந்தக் கண்ணுக்கு எழுத்து மட்டும் தெரியாது. 1976-ல கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. சட்டம் வந்த மறுநாளே ஜீதம் போயிடலங்கறதை உங்க வீட்டுப் பெரியவங்களே சொல்வாங்க.

அதனால இயற்கையில எத்தனை மணி நேரம் இருந்தான்னு மட்டும் கேட்காதீங்க. எதுக்காக இருந்தான்? யார் சொல்லி இருந்தான்? நினைச்சப்ப எழுந்து வர முடிஞ்சுதா? ஹூய்சிங்கான்னு ஒரு டச்சு அறிஞர் 1938-லயே விளையாட்டைப் பத்திப் பெரிய புத்தகம் எழுதினவர். அவர் முதல்ல சொல்றதே இதைத்தான்: விளையாட்டுன்னா தானா விரும்பிச் செய்யறது. உத்தரவு போட்டு ஆடவச்சா அது விளையாட்டே இல்ல. நினைச்சப்ப விட்டுட்டுப் போகமுடியாத இடத்துல இருக்கறவனுக்கு, அது எவ்வளவு பச்சையா இருந்தாலும் வேலைக்களம்தான். கிராமத்துப் பிள்ளைங்க இயற்கையோட கொஞ்சி வளருதுன்னு பட்டணத்துப் பத்திரிகையில எழுதறவங்க, எந்தத் தெருப்பிள்ளைன்னு ஒரு வரி சேர்த்து எழுதினா நல்லாருக்கும்.

அதுக்காக நம்ம பிள்ளைங்க ஆடவே இல்லன்னு நான் சொல்லல. நானும் மாடு மேய்ச்சவன்தான். எருமை முதுகுல ஏறி ஏரிக்குள்ள போயிருக்கோம். மாட்டைப் புல்லுல விட்டுட்டு கில்லி ஆடியிருக்கோம், பாறையில கரிக்கோடு போட்டு ஆடுபுலி ஆடியிருக்கோம். மாடு யார் கொல்லையிலாவது மேய்ஞ்சா அன்னைக்கு முதுகு பழுக்கும். இருந்தும் மறுநாள் ஆடினோம். அது வேலையிலேர்ந்து திருடின நேரம். சேரியோட வரலாற்றை எழுதறவங்க அடியை எழுதறோம், உதையை எழுதறோம், இந்தத் திருட்டு ஆட்டத்தை எழுதறதில்ல. அதையும் பதிவு பண்ணுங்க.

இப்ப இடத்தோட விசயத்துக்கு வர்றேன். 1919 ஜூலை 27, சிகாகோ. ஏரிக்கரையில கோடு எதுவும் போடல, ஆனா இந்தப்பக்கம் வெள்ளையர், அந்தப்பக்கம் கறுப்பர்னு எல்லாருக்கும் தெரியும். யூஜின் வில்லியம்ஸ்னு 17 வயசுக் கறுப்புப் பையன் கட்டையில மிதந்து விளையாடினவன், தண்ணி இழுத்துட்டுப்போய் அந்தப்பக்கம் ஒதுங்கிட்டான். கல்லெறிஞ்சாங்க. மூழ்கிச் செத்தான். அதைத் தொடர்ந்த கலவரத்துல 38 பேர் செத்தாங்க. தண்ணியில இல்லாத கோடு மனுசன் மண்டையில இருந்துச்சு.

இது அமெரிக்கா, ரொம்பப் பழசுன்னு சொல்வீங்க. 2018 ஜூன், மகாராட்டிரத்துல ஜல்காவ் மாவட்டம், வாகடி கிராமம். கிணத்துல நீச்சலடிச்சாங்கன்னு தலித் சிறுவர்கள் ரெண்டு பேரை அம்மணமாக்கி அடிச்சு, படம் வேற பிடிச்சாங்க. 2023 ஜூன், குஜராத்துல பாட்டன் மாவட்டம், காகோஷி. பள்ளி மைதானத்துல நடந்த கிரிக்கெட் ஆட்டத்துல பந்தை ஒரு தலித் பையன் எடுத்தான்னு ஆரம்பிச்ச தகராறு, அவன் உறவினர் ஒருத்தரோட கட்டைவிரலை வெட்டறதுல போய் முடிஞ்சுது. கட்டைவிரல்! ஏகலைவன் கதையை நமக்கு யாரும் புதுசா சொல்ல வேண்டியதில்ல.

பல்வங்கர் பாலுவை உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? சமார் சாதியில பிறந்தவர். பூனாவுல வெள்ளைக்காரன் கிளப்புல ஆடுகளத்தை உருட்டற வேலை. அங்கேயே பந்து வீசப் பழகினார். அப்புறம் இந்துக்கள் அணிக்கு அவர் வேணும், அவர் எடுக்கிற விக்கெட் வேணும். ஆனா தேநீர் மட்டும் கூடத்துக்கு வெளியில, மண்குவளையில. 1911-ல இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில 100 விக்கெட்டுக்கு மேல எடுத்தவர் அவர். அவரைக் கடைசிவரை அணித்தலைவர் ஆக்கல. மைதானத்துக்கு உள்ளே பந்து தீட்டுப்படாது, எல்லைக்கோட்டுக்கு வெளியே குவளை தீட்டுப்படும். விளையாட்டு சாதியை ஒழிக்கும்னு சொல்றவங்ககிட்ட பாலு கதையைச் சொல்லுங்க.

காட்டுக்கு வருவோம். நம்மளைச் சுத்தி மேலகிரி. 2014-ல காவிரி வடக்கு, 2022-ல காவிரி தெற்குன்னு சரணாலயங்களா அறிவிச்சாங்க. ராகி முத்துற காலத்துல பன்னர்கட்டாவுலேர்ந்து ஜவளகிரி வழியா யானைங்க இறங்கும். யானைக்கு எதிரா நான் பேசல, அது நமக்கு முந்தி இருந்த ஜீவன். ஆனா அதே காட்டுக்குள்ள ஜீப்புல போய்ப் படம் பிடிக்கிறவருக்கு அது மன அமைதி. விறகுக்குப் போற பெண்ணுக்கு ஒருபக்கம் யானை பயம், ஒருபக்கம் கார்டு பயம். இருளர் பிள்ளைக்குத் தேன் எடுக்கவும் கிழங்கு தோண்டவும் தெரியும். 2006 வன உரிமைச் சட்டம் அந்த உரிமையை ஒத்துக்கிட்டாலும், பட்டா கையில வர்ற வரைக்கும் அவன் சொந்தக்காட்டுலயே திருடன்.

இப்ப அந்தத் தோழரோட கேள்வி. நிலமா, விளையாட்டா? அம்பேத்கர் 1945-ல காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவங்களுக்கு என்ன செஞ்சாங்கன்னு எழுதின புத்தகத்துல இதுக்குப் பதில் இருக்கு. மிருகத்தையும் மனுசனையும் பிரிக்கிறது பண்பாடு, பண்பாட்டுக்கு ஓய்வு நேரம் வேணும், அந்த ஓய்வை எந்திரம்தான் தரமுடியும், ராட்டைக்கும் மாட்டுக்கும் திரும்பச் சொல்றது உழைக்கிறவனை மறுபடி மிருகமாக்கறதுங்கறது அவர் வாதம். வெறும் வாதத்தோட விடல. தொழிலாளர் துறை உறுப்பினரா இருந்தப்ப 1946-ல, வாரம் 54 மணி நேரமா இருந்த ஆலை வேலையை 48 ஆக்குற திருத்தத்தைக் கொண்டுவந்தார். கூலிக்கு நடக்கிற போராட்டம் எவ்வளவு பழசோ, நேரத்துக்கு நடக்கிற போராட்டமும் அவ்வளவு பழசு. 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழிவிடற மசோதாவைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேத்துச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் மே 1 அன்னைக்கு வாபஸ் ஆச்சு. ஓசூர் ஷிப்டு பஸ்ஸுக்குக் காலையில அஞ்சு மணிக்கே ரோட்டுல நிக்கிற பிள்ளைங்களுக்கு அந்த நாலு மணி நேரத்தோட அருமை தெரியும்.

பிள்ளைங்க நேரத்துலயும் கை வச்சாங்க. விளையாடுறது குழந்தையோட உரிமைன்னு ஐ.நா. உடன்படிக்கை 31-ஆவது பிரிவுல சொல்லுது. 1989-ல வந்தது, 1992-ல இந்தியா ஏத்துக்கிட்டது. 2016-ல குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழில்ல பிள்ளை உதவலாம்னு வச்சாங்க. குடும்பத் தொழில்னா இந்த நாட்டுல என்ன அர்த்தம்? அப்பன் செருப்பு தைச்சா மகனும் தைக்கணும். ராஜாஜி 1953-ல கொண்டுவந்து ஊரே எதிர்த்து விரட்டின திட்டத்தோட வாடை இதுல அடிக்குது.

ஆய்வுக்குப் போகும்போது சில விசயம். பள்ளிகளுக்கு விளையாட்டு இடம் வேணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையிலயே இருக்கு. ஒவ்வொரு ஊராப் போய் மைதானம் எந்தப் பக்கம் இருக்கு, சேரியிலேர்ந்து எத்தனை எட்டு, நடுவுல எந்தத் தெரு வருதுன்னு அளந்து வரைபடம் போடுங்க. புறம்போக்கு யார் வேலிக்குள்ள இருக்குன்னு கிராம நிர்வாக அலுவலர் கணக்கைப் பாருங்க. ஏரியில யார் குளிக்கலாம், எந்தப் படியிலன்னு கேளுங்க.

பெண்பிள்ளைங்ககிட்ட எந்த வயசுல ஆட்டத்தை நிறுத்தினாங்கன்னு கேளுங்க. 2019-ல எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்குல, கூலியில்லாத வீட்டுவேலைக்கு பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிசம் செலவழிக்கிறாங்க, ஆம்பளைங்க 97 நிமிசம். அந்த 200 நிமிச வித்தியாசம் எந்த வயசுல ஆரம்பிக்குதுன்னு நம்ம சேரியிலயும் கணக்கெடுங்க. நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு அந்தக் கணக்கு பிடிக்காது, பரவாயில்ல. அதைக் கேட்கப் பெண்தோழர்களே போகணும், அம்மா அப்பா பக்கத்துல இல்லாத நேரத்துல. தமிழ்ல மட்டும் கேட்டீங்கன்னா பாதிதான் வரும். இங்க ஒரே தெருவுல கன்னடமும் தெலுங்கும் பேசறாங்க. பாட்டிங்க ஆடின ஆட்டத்தோட பேரு அந்தந்தப் பேச்சுலதான் ஞாபகம் இருக்கும். எழுதிக்கும்போது அவங்க சொன்ன பேரையே எழுதுங்க, நீங்க திருத்தாதீங்க.