குச்சிக்கிழங்கு கற்பித்த பாடம்



வானொலியில் பேசும் வாய்ப்பு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எனக்குக் கிட்டி வந்திருக்கிறது. பேச்சைப்பற்றி நான் கற்ற பெரும் பாடத்தை ஒலிப்பதிவு அறையில் கற்றேனில்லை. இராசிபுரத்தை அடுத்த எங்கள் சிற்றூரில், பெரியப்பா வீட்டுத் திண்ணையில் கற்றேன்.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும் தோன்றின. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்ந்த எங்களுக்குத் திருச்சியே சொந்த நிலையம். மாலையானதும் பஞ்சாயத்து வானொலிப் பெட்டியின் முன் ஊர் கூடும். வானொலிச் சொல்லுக்கு அந்நாளில் இருந்த மதிப்புக்கு ஒரு சான்று சொல்வேன். 1960-களில் தஞ்சைப் பகுதி உழவர்கள், ஆடுதுறை 27 என்னும் நெல்லை, வானொலி வழியே அறிந்துகொண்டமையால், ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள்.

வேளாண்மை கற்றுப் பணியில் சேர்ந்த எனக்கு 1972-ஆம் ஆண்டில் முதல் அழைப்பு வந்தது. தலைப்பு, மரவள்ளி சாகுபடி. தொட்டியம், முசிறி வழியே பேருந்தில் திருச்சி சென்றேன். தாள் சலசலக்கலாகாது என்று எச்சரித்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது; நா வறண்டது. ஆயினும் எழுதியதைப் பிழையின்றி வாசித்து முடித்தேன். தேமல் நோய் கண்ட செடியிலிருந்து நடவுக்குக் குச்சி எடுக்கலாகாது. நோய் அக்குச்சியோடு அடுத்த பயிருக்கும் செல்லும். வெள்ளை ஈயும் அதனைப் பரப்பும். இவ்வளவே செய்தி. நானோ ‘நச்சுயிரி’ என்றும் ‘கரணைத் தேர்வு’ என்றும் அடுக்கியிருந்தேன்.

சில வாரம் கழித்து ஊருக்குப் போனேன். பெரியப்பாவின் புது நடவில் இலைகள் மஞ்சள் திட்டோடு சுருண்டிருந்தன.

“என் பேச்சைக் கேட்கவில்லையா, பெரியப்பா?” என்றேன்.

“கேட்டேன் கண்ணு, ஊரே கேட்டது. நம்ம பையன் பேசுகிறான் என்று பெருமையாக இருந்தது. ஆனால், நீ சொன்ன மரவள்ளியை இங்கே யார் நடுகிறார்கள்?”

எங்கள் பக்கத்தில் அதன் பெயர் குச்சிக்கிழங்கு. அச்சொல்லைச் சொல்லியே வளர்ந்தவன் நான். வானொலிக்கு அது தகாது என்று ஒதுக்கிவிட்டேன்! பத்தாம் மாதம் கிழங்கு வெட்டியபோது விளைச்சல் பாதிகூடத் தேறவில்லை. ஜவ்வரிசி ஆலையில் கிடைத்த பணம் உரக்கடனுக்கே போதவில்லை. பெரியப்பா என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் என்னை மிகவும் வருத்தியது.

அன்றுமுதல் எப்பேச்சையும் முதலில் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டலானேன். முறத்தில் தானியம் புடைத்துக்கொண்டே கேட்பார். “அப்படியென்றால்?” என்று அவர் வினவிய இடமெல்லாம் பேனாவால் அடிபட்டது. அடுத்த முறை, “குச்சிக்கிழங்கு நட்டிருப்பவர்களே!” என்று பேச்சைத் தொடங்கினேன். மறுநாட் காலை பெரியப்பா வயலில் இறங்கி, சுருண்ட செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாராம்.

பின்னர்க் காலம் மாறிற்று. பண்பலை வந்தது. தொலைபேசியில் நேயர்களே குறுக்கிட்டு வினவும் நிகழ்ச்சிகளும் வந்தன. இன்று கைப்பேசியிலேயே பேச்சைப் பதிவுசெய்து உலகெங்கும் அனுப்பலாம். நீங்களும் நாளை அவ்வாறு பேசப்போகிறவர்கள். பேசுமுன் உங்கள் வீட்டில் ஒருவருக்கு அதனைப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே “அப்படியென்றால்?” என்கிறாரோ, அங்கே நின்று திருத்துங்கள்.