பாடும் குரலும் கேட்கும் செவியும்

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது பழமொழி. முதுகைப் போலவே தன் குரலும் தனக்குத் தெரியாது என்று சொன்னால் சிலர் வியப்படையலாம். நாள்தோறும் பேசுகிறோம், பாடுகிறோம். அந்தக் குரலை நம்மைவிட நெருங்கியிருந்து கேட்பவர் யார் என்று கேட்கத் தோன்றும். ஆயினும் தம் குரலை முதன்முதலாக ஒலிப்பதிவில் கேட்பவரில் பெரும்பாலோர், "இதுவா என் குரல்!" என்று ஒரு கணம் திகைத்து நிற்பதைக் காண்கிறோம்.

இத்திகைப்புக்குக் காரணம் உண்டு. நாம் பாடும்போது நமது ஒலி இரண்டு வழிகளில் நம் உட்செவியை அடைகிறது. ஒன்று காற்றின் வழி. மற்றொன்று மண்டையோட்டு எலும்பின் வழி. எலும்பின் வழியாக வரும் ஒலி தாழ்ந்த நாதத்தை மிகுத்துக் காட்டுகிறது. ஆதலால் நம் குரல் நமக்குக் கனமாகவும் நிறைவாகவும் தோன்றுகிறது. பிறர் செவிக்கோ, ஒலிப்பதிவுக் கருவிக்கோ அந்த இரண்டாவது வழி கிடையாது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரு காதுகளையும் விரல்களால் அடைத்துக்கொண்டு மெல்ல முனகுங்கள். ஒலி குறைவதற்குப் பதிலாகத் தலைக்குள் பெருகிக் கேட்கும்.

ஆகவே பாடுபவனுக்குப் பிறர் செவி இன்றியமையாதது. முறையாக ஆசிரியரை அடுத்துக் கற்பவர்க்கு அச்செவி எப்போதும் அருகில் இருக்கிறது. ஆர்வத்தினால் தாமாகவே பாடிப் பழகுவோர்க்கு நண்பரே ஆசிரியர். ஒருவர் பாட, மற்றவர் கேட்டுக் குறை நிறைகளை எடுத்துச் சொல்ல, அவ்வாறு ஒருவரால் ஒருவர் வளர்வதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதற்கு ராக் இசையிலிருந்து எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

ராக் இசை 1950களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. கித்தாரும் முரசும் அதன் இரு கால்கள் எனலாம். ஏட்டைப் பார்த்துப் பயிலும் இசையாக இல்லாமல், இசைத்தட்டைக் கேட்டுப் பாடிப் பார்க்கும் இசையாகவே அது இளைஞரிடையே பரவிற்று. ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை வேறொருவர் தம் குரலில் பாடுவதை 'கவர்' என்று வழங்குவார்கள். பாடத் தொடங்கும் இளைஞர் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள்.

1957ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள். இங்கிலாந்தில், லிவர்ப்பூல் நகரைச் சேர்ந்த வூல்ட்டன் என்னும் பகுதியில், புனித பேதுரு தேவாலயத்தின் கோடை விழா. 'குவாரிமென்' என்ற பெயரில் பள்ளி மாணவர் சிலர் அங்கே பாடினார்கள். துணி துவைக்கும் பலகையும் தேயிலைப் பெட்டியுங்கூட அவர்களுக்கு வாத்தியங்கள். தலைவராக நின்று பாடியவர் பதினாறு வயது ஜான் லெனன். டெல் வைக்கிங்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 'கம் கோ வித் மீ' என்ற பாட்டை அவர் எடுத்துக்கொண்டார். அதன் சொற்கள் முழுவதும் அவருக்குத் தெரியாது. தெரியாத இடங்களில் தாமே சொற்களைக் கட்டி நிரப்பிப் பாடினார்.

கூட்டத்தில் நின்று கேட்டவர்களுள் பதினைந்து வயது பால் மக்கார்ட்னி ஒருவர். சொற்கள் தவறு என்பது அவருக்கு உடனே விளங்கிற்று. அவ்வாறு கட்டிய சொற்களில் ஒரு சாமர்த்தியம் இருப்பதும் விளங்கிற்று. தாயாரிடம் பாஞ்சோ வாத்தியத்தின் விரலமைப்பைக் கற்றிருந்த லெனன், கித்தாரிலும் அதையே கையாண்டதையும் அவர் கண்டுகொண்டார். பாட்டு முடிந்தபின் இருவரும் அறிமுகமானார்கள். மக்கார்ட்னி கித்தாரை வாங்கிச் சுருதி கூட்டினார். எடி காக்ரனின் 'ட்வென்ட்டி ஃப்ளைட் ராக்' என்ற பாட்டை ஒரு சொல்லும் விடாமல் பாடிக் காட்டினார்.

இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. இங்கே விமரிசனம் என்று எவரும் வாய் திறக்கவில்லை. ஆயினும் நல்ல விமரிசனத்தின் இரு பகுதிகளும் இதில் அடங்கியிருக்கின்றன. கேட்டவர் குறையையும் கண்டார். அக்குறைக்குள்ளே ஒளிந்திருந்த நிறையையும் கண்டார். பாடியவரின் நிலையோ இன்னும் கடினமானது. தன்னைவிட வயதில் இளையவன், தனக்குத் தெரியாததைத் தெரிந்தவன், எதிரே நிற்கிறான். அவனைச் சேர்த்துக்கொண்டால் குழு வலுப்படும். தன் தலைமைக்கு நிகராக ஒருவன் வந்துவிடுவான். இத்தயக்கம் தமக்கு இருந்ததை லெனன் பிற்காலத்தில் மறைக்கவில்லை. ஆயினும் குழு வலுப்பெறுவதே மேல் என்று முடிவு செய்தார். சில நாட்களில் மக்கார்ட்னிக்கு அழைப்புச் சென்றது. பீட்டில்ஸ் என்று உலகம் பின்னர் அறிந்த குழுவுக்கு அந்த முடிவே வித்து.

மறு ஆண்டு, 1958இல், இவர்கள் லிவர்ப்பூலில் பெர்சி பிலிப்ஸ் என்பவரின் சிறிய ஒலிப்பதிவு நிலையத்துக்குச் சென்றார்கள். அப்போது ஜார்ஜ் ஹாரிசனும் குழுவில் சேர்ந்திருந்தார். தம் கைக்காசைக் கொடுத்து ஓர் இசைத்தட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். அதன் ஒரு பக்கத்தில் இருந்தது, அமெரிக்கரான படி ஹாலி தம் குழுவோடு பாடி 1957இல் புகழ்பெற்ற 'தட்டில் பி த டே' என்ற பாட்டு. ஐந்து பேருக்கும் இருந்தது ஒரே தட்டு. ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்து வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். அது கடைசியில் பியானோ வாசித்த நண்பரிடம் தங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் அவரிடமே இருந்தது. 1981இல் மக்கார்ட்னி அதை விலைக்கு வாங்கினார். 1995இல் அப்பதிவு உலகோர் கேட்குமாறு வெளிவந்தது.

நான் அப்பதிவையும் ஹாலியின் மூலப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். தட்டின் தேய்மானத்தால் இரைச்சல் மிகுதி. லெனனின் குரல் ஹாலியின் போக்கை நெருங்கிப் பின்பற்றுகிறது. அந்தத் தட்டு ஒரு வாரம் என் கைக்கு வந்திருந்தால் அவ்விளைஞர்களுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "மிக அருமை" என்று சொல்லியிருந்தால் அவர்கள் மகிழ்ந்திருப்பார்கள், கற்றிருக்கமாட்டார்கள். "ஹாலியைப் போல இல்லை" என்று சொல்லியிருந்தால் வருந்தியிருப்பார்கள், அப்போதும் கற்றிருக்கமாட்டார்கள். இன்று கைப்பேசியில் பாடிப் பதிந்து நண்பருக்கு அனுப்பும் மாணவர்களுக்கு வரும் மறுமொழிகளும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கின்றன.

பயன்படும் சொல் எது? இடத்தைச் சுட்டுவது, காரணத்தைத் தேடுவது. சில எடுத்துக்காட்டுகளைக் கூறுகிறேன்.

நண்பர் உச்சத்தில் தொண்டை நெரியப் பாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "உனக்குக் குரல் இல்லை" என்று சொல்வது எளிது. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட கட்டை அவருக்குப் பொருந்தாததாக இருக்கலாம். பேசும்போது ஆணின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 முறை அதிர்கின்றன. பெண்ணின் குரல்நாண்கள் ஏறத்தாழ 200 முறை அதிர்கின்றன. ஒருவருக்காக அமைத்த சுருதியை மற்றவர் அப்படியே கொள்ள வேண்டும் என்ற சட்டம் இல்லை. "ஒரு கட்டை இறக்கிப் பாடிப் பார்" என்பது மூன்று சொற்களுக்குச் சற்று மிகுந்த அறிவுரை. அது ஒரு பாட்டையே காப்பாற்றிவிடக்கூடும்.

இரண்டாவது அடியின் இறுதிச் சொல் கேட்கவில்லை என்றால், சொல்லைக் குறைகூறுவதற்கு முன் மூச்சைக் கவனிக்க வேண்டும். அடி முடியுமுன் மூச்சு முடிந்துவிட்டது. எங்கே மூச்சு வாங்குவது என்பதை முன்பே குறித்துக்கொண்டால் அச்சொல் தானே ஒலிக்கும்.

இன்னொன்று. ராக் பாட்டைச் சிறிய அறையில் முரசும் மின்கித்தாரும் முழங்கப் பாடுவார்கள். சுற்றிலும் ஓசை மிகும்போது மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லம்பார்ட் 1911இல் இதை விளக்கி எழுதினார். அவர் பெயராலேயே இவ்விளைவு வழங்குகிறது. பாடகர் கத்துகிறார் என்று கேட்பவர் குறைகூறுகிறார். திருத்த வேண்டியதோ பக்கத்தில் இருக்கும் கித்தாரின் ஒலியளவு!

இனி, மூலப் பாடகரைப் போல இருக்க வேண்டுமா என்ற கேள்வி. 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' என்ற பாட்டின் கதை இதற்கு நல்ல விடை. 1961இல் டாப் நோட்ஸ் என்ற குழு அதை முதலில் பதிவு செய்தது. பாட்டை எழுதியவருள் ஒருவரான பெர்ட் பெர்ன்ஸுக்கு அது நிறைவு தரவில்லை. 1962இல் ஐஸ்லி சகோதரர்களைக் கொண்டு அவரே மறுபடியும் பதிவு செய்தார். பாட்டு வெற்றி பெற்றது. 1963 பிப்ரவரி 11ஆம் நாள் லண்டனில் பீட்டில்ஸ் குழு அதே பாட்டைப் பதிந்தது. அந்த ஒரே நாளில் பத்துப் பாட்டுகள் பதிவாயின. லெனனுக்கு அன்று சளி. இந்தப் பாட்டு தொண்டையைக் கிழிக்கும் என்பதை அறிந்த ஜார்ஜ் மார்ட்டின், பதிவை நடத்தியவர், அதை நாளின் இறுதிக்கு ஒதுக்கி வைத்தார். முதல் முயற்சியிலேயே பாட்டு அமைந்தது. இரண்டாம் முயற்சிக்குக் குரல் மிஞ்சவில்லை.

அப்பதிவில் குரல் தெளிவாக இல்லை, கரகரக்கிறது. ஆனால் அக்கரகரப்பில் உள்ள உயிரை எவரும் மறுக்கமாட்டார். பாடியவரின் ஆற்றலோடு, கேட்பவரின் அறிவும் அங்கே வேலை செய்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. எந்தப் பாட்டை எந்த நேரத்தில் பாடச் செய்வது என்று அறிந்த செவி அது. அதற்காக, கரகரப்பே அழகு என்று எண்ணி நாள்தோறும் தொண்டையை வருத்துவது பேதைமை. வலித்தால் நிறுத்த வேண்டும். "போதும், இன்று ஓய்வு கொள்" என்று சொல்லும் நண்பனே மெய்யான நண்பன்.

மற்றொரு பாட்டையும் குறிப்பிடுகிறேன். டிரென்ட் ரெஸ்னர் எழுதி, நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற தம் குழுவின் பெயரில் 1994இல் வெளியிட்ட 'ஹர்ட்' என்ற பாட்டை, எழுபது வயதை எட்டிய ஜானி காஷ் 2002இல் பாடி வெளியிட்டார். அவர் இளைஞரின் குரலைப் பின்பற்ற முயலவில்லை. நோயும் முதுமையும் தளர்த்திய தம் குரலையே பாட்டுக்குத் தந்தார். இளைஞனின் வேதனையாக இருந்த பாட்டு, முதியவரின் வாழ்நாட் கணக்காக மாறிற்று. தமக்கே உரிய பாட்டைப் பிறர் பாடுவதை முதலில் தயக்கத்தோடு நோக்கிய ரெஸ்னர், பின்னர் அதன் காட்சிப் படத்தைக் கண்டு உருகி, அப்பாட்டு இனி தமக்கு மட்டும் உரியதன்று என்ற கருத்துப்படப் பேசினார். பாட்டை உடையவரே இவ்வாறு விட்டுக்கொடுக்கும்போது, கேட்கும் நாம் மட்டும் "மூலம் போல இல்லையே" என்று அளவுகோலோடு நிற்பது முறையாகுமா?

மாணவ நண்பர்களே, இரு சாராருக்கும் கடமை உண்டு. கேட்பவர் பாட்டை முழுவதும் கேட்ட பிறகே வாய் திறக்க வேண்டும். "இதில் நீ எதைக் காட்ட விரும்பினாய்?" என்று முதலில் கேட்க வேண்டும். பத்துக் குறை தென்பட்டாலும், அடுத்த முறைக்குள் திருத்தக்கூடிய ஒன்றிரண்டை மட்டும் சொல்ல வேண்டும். நன்றாக அமைந்த இடத்தையும் அதே துல்லியத்தோடு சுட்ட வேண்டும். எது சரியாக வந்தது என்று அறியாதவன் அதைக் காத்துக்கொள்ள முடியாது. பாடியவர் உடனே மறுத்துரைக்கலாகாது. சொன்னதைக் குறித்துக்கொண்டு, தனிமையில் பதிவை மறுபடியும் கேட்டு, உண்மையாயின் கொள்ளலாம்; அன்றாயின் விடலாம்.

கடுஞ்சொல் ஒன்றைக் கேட்டு அன்றோடு வாய் மூடிய இளங்குரல்கள் எத்தனையோ. வெற்றுப் புகழில் மயங்கி வளராமலே நின்றுபோன குரல்களும் எத்தனையோ. இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்மையான பாதை இருக்கிறது. நம் சொல்லைக் கேட்டபின் நண்பர் மறுநாளும் பாட வேண்டும். நேற்றைவிடச் சற்று நன்றாகப் பாட வேண்டும். அத்தகைய சொல்லை அளிக்கும் செவி, குரலுக்கு நிகரான செல்வம். அதைப் பழக்கிக்கொள்ள வாத்தியம் வேண்டாம், பொருள் வேண்டாம். பொறுமையும் அன்பும் இருந்தால் போதும்.