அப்பா சொல்லாமல் போனது



எங்கள் தகப்பனார் கீழத் தஞ்சையில் பண்ணையாளாய் உழைத்தவர். முதுகுத் தழும்பைப் பற்றி நாங்கள் கேட்டால், "மாடு முட்டியது" என்பார். அவர் மறைந்த பிறகுதான், அவருடைய கூட்டாளியான பெரியவர் எங்களிடம் உண்மையைச் சொன்னார்.

"காய்ச்சலில் நான் ஏர் கட்டப் போகவில்லை. மிராசுதார் சவுக்கை எடுத்தார். உங்கப்பன் குறுக்கே வந்து நின்றான். எனக்கு விழவேண்டிய அடி அவனுக்கு விழுந்தது. சாணியைக் கரைத்தும் குடிக்க வைத்தார்கள்."

பிறகு இருவரும் சங்கத்தில் சேர்ந்தார்கள். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் 1944 மன்னார்குடி ஒப்பந்தம் முடிவு கட்டியது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தவையல்ல இவை. ஒருவனுக்கு விழும் அடிக்கு இன்னொருவன் குறுக்கே நின்றதால் கிடைத்தவை.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்!