உயிரியல் வழியே கணினிக்கு

 

பரிசளிப்பு விழா என்றாலே பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், பிள்ளை கம்ப்யூட்டர்ல பெரிய ஆளா வரணும். எதைப் படிக்க வைக்கலாம்?" அடுத்து, குரலைத் தாழ்த்தி: "தமிழை விட்டுட்டா நேரம் மிச்சமாகுமில்லே?" இரண்டு கேள்விக்கும் சேர்த்து, நம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் பெயர் டான் டின் வீ. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். ஆமாம், உயிரியல்தான்! மரபணுத் தகவல் மலைபோல் குவியும். கையால் எண்ணி மாளாது. அந்த வழியாகக் கணினிக்கு வந்தவர், 1990களில் இணைய ஆராய்ச்சியில் இறங்கினார்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அன்று ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வோர் எண் வரிசையை வைத்திருந்தது. ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் திரையில் பூச்சி பூச்சியாகத் தெரியும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் கற்பித்த சிறுகதையாளர் நா. கோவிந்தசாமி, 'கணியன்' என்ற மென்பொருளோடு இந்தச் சிக்கலில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டான் டின் வீ, லியோங் கோக் யோங் இருவரும் அவருடன் சேர்ந்தார்கள். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறின. தமிழும் அதில் இருந்தது. அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். தமிழ் தெரிந்த ஆள் ஒருவர் அங்கே இல்லாவிட்டால்? பெற்றோர்களே, நீங்களே சொல்லுங்கள்.

பிறகு டான் டின் வீ, நம் தேசிய மீத்திறன் கணினி நிலையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2016இல் அங்கே இயங்கத் தொடங்கிய 'ஆஸ்பயர் 1' ஒரு வினாடியில் போட்ட கணக்கு எத்தனை தெரியுமா? பத்துக் கோடியை ஒரு கோடியால் பெருக்கிக்கொள்ளுங்கள்!

இது எப்படி நடக்கிறது? தேக்காவில் பஃபலோ ரோடு பூக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் பத்தாயிரம் முழம் சரம் கேட்டால், எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் தனி ஆளால் ஆகாது. நூறு பேருக்குப் பூவைப் பங்கு போடணும். அதோடு, கூடை நேரத்துக்கு வந்து சேரணும். வராவிட்டால் நூறு ஜோடிக் கையும் சும்மா இருக்கும். மீத்திறன் கணினியும் இப்படித்தான். ஆயிரத்துக்கு மேற்பட்ட கணினிகள் ஒரே கணக்கைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள இணைப்பு மந்தமானால் அத்தனையும் காத்துக் கிடக்கும். இணைப்பு வேலையில் ஊறிய மனிதர் இதற்குத் தலைமை ஏற்றது எனக்கு வியப்பாகப் படவில்லை.

2012இல் இணையப் புகழரங்கில் டான் டின் வீயின் பெயர் சேர்க்கப்பட்டது. எதற்காக? இணைய முகவரிகளை ஆங்கிலம் அல்லாத எழுத்துகளிலும் எழுத வழி செய்த முன்னோடிப் பணிக்காக. அதற்கு முந்தைய ஆண்டே, 2011இல், '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே நம் நாட்டுக்கு இணைய முகவரி கிடைத்துவிட்டது. கோவிந்தசாமி அதைப் பார்க்கவில்லை, 1999இலேயே காலமாகிவிட்டார்.