ஆற்றின் உரிமை யாருக்கு?



மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கலந்து களனி கங்கையாகும் பொல்பிட்டியப் பகுதியிலே கூடியிருக்கிறோம். இங்கு தூண்டில் விழா நடத்தி ஆற்றைக் காக்கலாம் என்கிறார்கள் சிலர். விழாவை நாம் வெறுக்கவில்லை. ஆனால், வரலாற்றை மறக்க மாட்டோம்.

1880களில் வெள்ளைத் துரைமார் பிரித்தானியாவிலிருந்து திரவுட் மீன் முட்டைகளைத் தருவித்து நுவரெலியா ஓடைகளிலே வளர்த்தனர். இறகாற் செய்த பொய் ஈயைத் தூண்டிலிற் கட்டி வீசுவது அவர்தம் பொழுதுபோக்கு. 1896இல் அதற்கெனக் கழகமும் கண்டனர். கடல் கடந்து வந்த மீனைப் பேணக் கழகம் இருந்தது. கடல் கடந்து வந்து காட்டைத் தோட்டமாக்கிய தொழிலாளியின் சந்ததிக்கோ 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மறுத்தது! அதனை மீட்க நம் மக்கள் பல்லாண்டு போராட நேர்ந்தது.

இன்று இந்நீர் பொல்பிட்டிய நிலையத்திலே மின்சாரமாகிறது, கொழும்பிலே குடிநீராகிறது. ஆனால் தேயிலைச் சரிவின் மண்ணும் மருந்தும், லயன்களின் கழிவும் முதலில் தீண்டுவது ஓடைக்கரையில் வாழ்பவரைத்தான்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தடுக்கிறது. ஏட்டிலுள்ள சட்டம் தானே நடவாது, கேட்பவர் வேண்டும்.

ஆகவே மூன்று கோருவோம்: ஓடைக்கரைகளில் மரங்கள் நிற்க வேண்டும், கரையோரம் களைநாசினி தெளிக்கலாகாது, ஒவ்வொரு லயனுக்கும் முறையான கழிவறை வேண்டும். இம்மூன்றையும் ஏற்பவர் விழா எடுக்கட்டும்; முன்வரிசையில் தோட்டத் தொழிலாளி அமரட்டும்.

பிடித்த மீனை உயிரோடு ஆற்றில் விடுவது கருணையே. அந்த ஆற்று நீரை அருந்தும் மனிதனுக்கும் அக்கருணை நீளுமாயின், நாமும் உடன் வருவோம்.